இரண்டு பாட்டி, ஒரு டிபன் பாக்ஸ்!

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்? பாடப் புத்தகத்தையா? ஊஹூம்... டிபன் பாக்ஸைத்தானே!

இன்று நாம் ஒரு சின்ன விளையாட்டு விளையாடப் போகிறோம். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரை நீங்கள் தேனி மாவட்டம் கம்பத்தில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளை. உங்கள் அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பம். அம்மாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் குமுளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அம்மா உங்களிடம் தமிழில் பேசுவார். போனில் தன் அம்மாவிடம் மலையாளத்தில் பேசுவார். அப்பாவைப் பெற்ற பாட்டியை 'அப்பத்தா' என்று கூப்பிடுவீர்கள். அம்மாவைப் பெற்ற பாட்டியை 'அம்மம்மா' என்று கூப்பிடுவீர்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு பாட்டி, இரண்டு மொழி, இரண்டு சமையல்!

இன்று உங்கள் டிபன் பாக்ஸில் வேக வைத்த மரவள்ளிக் கிழங்கும், குடம்புளி போட்ட மீன் குழம்பும் இருக்கின்றன. நேற்று ஊரில் இருந்து வந்த அம்மம்மா ஆசையாகச் செய்து கொடுத்தது. மூடியைத் திறந்ததுமே வாசனை 'கம்' என்று பரவுகிறது. பக்கத்தில் இருக்கும் நண்பன் எட்டிப் பார்க்கிறான்.

"என்ன இது, சோத்துக்குப் பதிலா கிழங்கா? நீ தமிழா, மலையாளமா? இல்ல, பாதி பாதியா?"

எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிப்பது போலச் சிரித்துவிட்டு, மூடியைப் பாதி மூடிக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், "அம்மா, நாளையில இருந்து எனக்குத் தயிர் சாதம் மட்டும் வச்சுக் குடுங்க. கிழங்கெல்லாம் வேண்டாம்" என்கிறீர்கள். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. பேசாமல் அடுப்படிக்குள் போய்விடுகிறார்.

இது கற்பனைதான், குட்டீஸ். ஆனால் உங்கள் வகுப்பிலேயே இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். ஏன், அது நீங்களாகவே கூட இருக்கலாம்! அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி. அம்மா ஒரு ஊர், அப்பா வேறு நாடு. இப்படிப்பட்ட வீடுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே என்றாவது ஒரு நாள் கேட்கும் கேள்விதான் இது: 'நீ பாதியா?'

இதற்குப் பதிலை எங்கே தேடுவது? வேறெங்கே... நம் சாப்பாட்டுத் தட்டில்தான்!

மலை தாண்டி வந்த தண்ணீர்

முதலில் கம்பம் பள்ளத்தாக்கை ஒரு சுற்று சுற்றி வருவோமா?

கம்பத்தில் பஸ் ஏறினால் கூடலூர் வரும். அடுத்து லோயர் கேம்ப். அதன் பிறகு வளைந்து வளைந்து மலைப்பாதை. ஏறி முடித்தால் குமுளி! அங்கே கடைப் பலகைகளில் தமிழும் மலையாளமும் கலந்து இருக்கும். போடியில் இருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்கு ஒரு பாதை போகிறது. கம்பத்தில் இருந்தே கம்பம்மெட்டு வழியாக இன்னொரு பாதை. இந்தப் பாதைகளில் காலையில் பார்த்தால் ஜீப் ஜீப்பாக ஆட்கள் போவார்கள். தமிழ்நாட்டில் இருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அங்கே விளையும் ஏலக்காய் மலை இறங்கி, போடிநாயக்கனூர் சந்தைக்கு வரும். இங்கே விளையும் காய்கறியும் வாழைத்தாரும் மலை ஏறிக் கேரளாவுக்குப் போகும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது, தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளாவோடு சேர்ந்தன. தமிழ் பேசும் பல குடும்பங்கள் அங்கேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம். ஆனால் சம்பந்தம் பேசவும், கல்யாணம் செய்யவும், சந்தைக்குப் போகவும் மனிதர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டேதானே இருப்பார்கள்!

அது மட்டுமா? தேனி மாவட்டத்திலேயே வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. வாசலைத் தாண்டி வெளியே வந்தால் எல்லோரும் பேசுவது நம்ம ஊர்த் தமிழ்தான்.

அவ்வளவு ஏன், பள்ளத்தாக்கின் தண்ணீரே மலை தாண்டி வந்ததுதான்! பெரியாறு மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் ஆறு. அதன் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதுதான் முல்லைப் பெரியாறு அணை. 1895-ல் அது திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களில் பாய்ந்து, வைகைக்கும் போகிறது.

அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக். ஆங்கிலேயர். 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ல் பிறந்தவர். இன்றைக்கும் அவர் பிறந்த நாளில் பாலார்பட்டி கிராமத்து மக்கள் பானை வைத்துப் பொங்கல் பொங்குகிறார்கள். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. ஒருவரை 'நம்மவர்' என்று ஏற்றுக்கொண்டதை எப்படிக் காட்டுகிறார்கள் பார்த்தீர்களா? அவர் பெயரில் ஒரு பானைப் பொங்கல்!

மிளகாய்க்கு எந்த ஊர்?

சரி, இப்போது தட்டுக்கு வருவோம்.

உங்களைக் கேலி செய்தானே ஒரு நண்பன், அவன் டிபன் பாக்ஸில் என்ன இருந்தது? தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். 'சுத்தமான நம்ம ஊர்ச் சாப்பாடு' என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் இருக்கிறது வேடிக்கை!

தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களில் இருந்து வந்தவை. 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினார் என்று படித்திருப்பீர்களே, அதற்குப் பிறகு போர்ச்சுகீசியர்களின் கப்பல்களில்தான் மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை நம் குழம்பில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு நம் முன்னோர் வைத்த பெயரைப் பாருங்கள். மிளகு போலக் காரமான காய், மிளகாய்! மலையாளத்தில் இன்னும் வேடிக்கை. புதிதாக வந்த மிளகாய்க்கு 'முளகு' என்ற பெயரையே கொடுத்துவிட்டு, பழைய மிளகைக் 'குருமுளகு' என்று சொல்கிறார்கள்.

உங்கள் டிபன் பாக்ஸில் இருந்த மரவள்ளிக் கிழங்கும் தென் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். கேரளாவில் அதைக் கப்பை என்பார்கள். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசி தீரட்டும் என்று இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். பின்னாளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் பர்மாவை ஜப்பான் பிடித்துக்கொள்ள, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி இல்லாத அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பில் வெந்தது இந்தக் கிழங்குதான். நீங்கள் மூடி மறைத்துச் சாப்பிட்டீர்களே, அது ஒரு காலத்தில் உயிர் காத்த சாப்பாடு!

கம்பம் என்றதும் நினைவுக்கு வருவது என்ன? பன்னீர் திராட்சை! 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இந்த ஊருக்கே உரிய பொருள்' என்று அரசாங்கம் கொடுக்கும் சான்று அது. ஆனால் பன்னீர் திராட்சைக் கொடியைத் தமிழ்நாட்டுக்கு 1832-ல் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்கிறார்கள். எங்கிருந்தோ வந்த கொடி, நம் மண்ணில் வேர் விட்டு, நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்டது. அதை யாராவது 'பாதித் திராட்சை' என்று சொல்கிறோமா?

ரசத்துக்கு ஒரு இங்கிலீஷ் பெயர்

"காயும் பழமும் சரி, மனிதர்கள் கதை வேறு ஆச்சே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மனிதர்கள் கதைக்கே வருவோம்.

ஆங்கிலோ இந்தியர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெள்ளைக்காரர்கள் நம் நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களுக்கும் இந்தியர்களுக்கும் பிறந்த பிள்ளைகள், அவர்களின் வழி வந்தவர்கள். நம் அரசியல் சட்டத்திலேயே அவர்களைப் பற்றிய விளக்கம் இருக்கிறது. திருச்சி பொன்மலை, ஜோலார்பேட்டை, சென்னை பெரம்பூர் போன்ற ரயில்வே ஊர்களில் நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன. ரயில் ஓட்டினார்கள், பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், மருத்துவமனைகளில் நர்சுகளாக இருந்தார்கள்.

ஆனால் அவர்கள் பட்ட பாடு என்ன தெரியுமா? 'நீங்கள் முழு ஆங்கிலேயர் இல்லை' என்று வெள்ளைக்காரர்கள் ஒதுக்கினார்கள். 'நீங்கள் முழு இந்தியர் இல்லை' என்று நம்மவர்களும் கேலிப் பெயர் வைத்தார்கள். உங்கள் வகுப்பில் ஒருநாள் நடந்தது, அவர்களுக்குப் பல தலைமுறைகளாக நடந்தது.

அவர்கள் வீட்டுச் சமையலறையில் எட்டிப் பார்ப்போமா? மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப் பால் சோறு. தொட்டுக்கொள்ள, கொத்துக்கறியை உருண்டை பிடித்துப் போட்ட குழம்பு. அதற்குப் 'பால் கறி' என்று பெயர். பசும்பால் இல்லை குட்டீஸ், பந்து என்று பொருள்படும் இங்கிலீஷ் 'பால்'! அப்புறம் 'பெப்பர் வாட்டர்'. வேறொன்றும் இல்லை, நம்ம மிளகு ரசம்தான். நம் 'மிளகுத் தண்ணி' வெள்ளைக்காரர்கள் வாயில் 'மல்லிகடானி' ஆகி, சூப்பாக மாறி, இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் 'ரோஸ் குக்கி' சுடுவார்கள். அது நம்ம அச்சு முறுக்கு!

இந்தியா விடுதலை அடைந்த பிறகு பல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டன. அங்கே போயும் பெப்பர் வாட்டர் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு கரண்டி ரசத்தில் இரண்டு தேசமும் இருக்கிறது. பாதி பாதியாக இல்லை, நன்றாகக் கலந்து!

தமிழ் போனது, பொங்கல் போகவில்லை

இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா? கப்பல் ஏறுங்கள்!

இப்போது நாம் இருப்பது மலேசியாவில் மலாக்கா. 15-ஆம் நூற்றாண்டில் அது பெரிய துறைமுகம். துணியும் வாசனைப் பொருளும் விற்கத் தமிழ் வணிகர்கள் அங்கே போனார்கள். போனவர்களில் பலர் அங்கேயே தங்கி, அந்த ஊர்ப் பெண்களைத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களின் வழி வந்தவர்களை 'மலாக்கா செட்டி' என்று அழைக்கிறார்கள். 'கம்போங் செட்டி' என்று அவர்களுக்கு ஒரு குடியிருப்பே இருக்கிறது. கம்போங் என்றால் மலாய் மொழியில் கிராமம்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இன்று அவர்கள் வீடுகளில் பேசுவது மலாய் மொழி. தமிழ் பேச்சு வழக்கில் இருந்து போய்விட்டது. பெண்கள் உடுத்துவது சரோங்கும் கெபாயாவும். பார்த்தால், 'தமிழ் எங்கே இருக்கிறது?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

தை மாதம் பிறக்கட்டும், தெரியும்! அவர்களும் பொங்கல் கொண்டாடுகிறார்கள். பொங்கலுக்கு முந்தின நாள், நம் போகிப் பண்டிகை அன்று, வாழை இலை போட்டு முன்னோர்களுக்குப் படையல் வைக்கிறார்கள். இலையில் குழம்பும் காய்கறியும் இருக்கும். பக்கத்திலேயே தேங்காய்ப் பாலில் வேகவைத்த மலாய் சோறு 'நாசி லெமாக்' இருக்கும். தாத்தா தமிழர், பாட்டி மலாய். இரண்டு பேரும் ஒரே இலையில் பசியாற வேண்டாமா?

யோசித்துப் பாருங்கள். பேச்சு மறந்துபோன வீட்டிலும் அடுப்பு மறக்கவில்லை. தமிழில் நாலு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளைக்கும், 'நம் முன்னோர்கள் எங்கிருந்தோ கடல் கடந்து வந்தவர்கள்' என்று அந்த வாழை இலை சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இட்லியும் காபித்தூள் பாட்டிலும்

மலாக்காவில் இருந்து ஒரே தாவல், அமெரிக்கா! இது நம் காலத்துக் கதை.

1958-ல் சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த 19 வயதுப் பெண் ஒருவர் படிப்பதற்காக அமெரிக்கா போனார். அவர் பெயர் சியாமளா கோபாலன். பிறகு புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனார். ஜமைக்கா நாட்டில் இருந்து வந்து படித்த டொனால்ட் ஹாரிஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவர் கமலா, இளையவர் மாயா. பின்னர் அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட, அம்மாதான் மகள்களை வளர்த்தார். அப்பாவின் கறுப்பின மக்கள் கூடும் தேவாலயத்துக்கும் பிள்ளைகள் போனார்கள். இந்துக் கோவிலுக்கும் போனார்கள். விடுமுறைக்குச் சென்னைக்கு வந்தால் பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவோடு நடை! 'இதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு' என்று அம்மா சொல்லவில்லை.

அந்த மூத்த மகள்தான் கமலா ஹாரிஸ். 2021 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அவருடைய தாத்தாவின் சொந்த ஊர் நம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம்.

2019-ல் அவர் மிண்டி கேலிங் என்ற நடிகையோடு சேர்ந்து மசால் தோசை சுட்ட வீடியோ ஒன்று வெளியானது. மிண்டியின் அப்பா தமிழர், அம்மா வங்காளி. இரண்டு பேரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சின்ன வயதுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். தயிர் சாதம், பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, இட்லி... அப்போது இருவரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சிரித்தார்கள். இரண்டு பேர் வீட்டிலும் மசாலாப் பொருட்களைப் போட்டு வைத்தது காலியான காபித்தூள் பாட்டிலில்! உங்கள் வீட்டு அலமாரியில் மிளகும் கடுகும் எதில் இருக்கின்றன? ஹார்லிக்ஸ் பாட்டிலிலா? போய்ப் பாருங்களேன்!

2020-ல் துணை அதிபர் வேட்பாளராக உரையாற்றியபோது, தன் குடும்பத்தினரைச் சொல்லும் இடத்தில் அவர் 'சித்தி' என்ற தமிழ்ச் சொல்லைச் சொன்னார். அர்த்தம் புரியாமல் எத்தனையோ அமெரிக்கர்கள் இணையத்தில் தேடினார்கள். அவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை. சித்தி என்றால் சித்திதானே!

ஆனால் அவரையும் விட்டார்களா? 'நீங்கள் கறுப்பினத்தவரா, இந்தியரா?' என்று கேட்டவர்கள் உண்டு. கேட்பவர்களுக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். ஆனால் உண்மையான பதில் இரண்டு!

பாட்டி வீட்டு அடுப்படி

சரி, மறுபடியும் கம்பத்துக்கு வருவோம். உங்கள் விளையாட்டு இன்னும் முடியவில்லை.

சனிக்கிழமை. அம்மாவோடு குமுளி பஸ் ஏறி அம்மம்மா வீட்டுக்குப் போகிறீர்கள். "நானும் கூட மாட உதவி செய்யறேன்" என்று அடுப்படியில் உட்காருகிறீர்கள். அம்மம்மா கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்கிறார். தேங்காய்க்குத் 'தேங்ங'. மீனுக்கு மீன். உப்புக்கு உப்பு. சோற்றுக்குச் சோறு! அட, பாதி வார்த்தைகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

கிழங்கு வேகும் நேரத்தில், தன் அம்மா காலத்துப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறார். அரிசி கிடைக்காத நாளில் கிழங்கை வேக வைத்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்த கதை. உங்கள் அம்மாவும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "இதை எங்கிட்டகூட நீங்க சொன்னதில்லையே" என்கிறார். யாரும் கேட்டதில்லை. அதனால் அவர் சொன்னதும் இல்லை. இன்று நீங்கள் கேட்டிருக்காவிட்டால் அந்தக் கதை எங்கே போயிருக்கும்?

திங்கட்கிழமை மதியம். டிபன் பாக்ஸின் மூடியை முழுசாகத் திறந்து வைக்கிறீர்கள். "மறுபடியும் கிழங்கா?" என்று நண்பன் கேட்கிறான். "ஆமா, எங்க அம்மம்மா செஞ்சது. ஒரு துண்டு எடுத்துப் பாரு. சம்மந்தி காரமா இருக்கும், ஜாக்கிரதை!" என்கிறீர்கள். அவன் தொட்டுச் சாப்பிடுகிறான். கண்ணில் தண்ணீர். ஆனாலும் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டுகிறான்!

'நீ பாதியா?' என்று இனிமேல் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: "இல்லையே! அப்பத்தாவுக்கும் நான் முழுப் பேரப்பிள்ளை. அம்மம்மாவுக்கும் நான் முழுப் பேரப்பிள்ளை."

கேலி ஒரே நாளில் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். அது தொடர்ந்தால் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். சில வீடுகளில் அம்மா பக்கமும் அப்பா பக்கமும் பேசிக்கொள்ளாமல் இருப்பார்கள். அது பெரியவர்களின் மனத்தாங்கல், உங்கள் குற்றம் இல்லை. போனில் ஒரு வார்த்தை, "அது எப்படிச் செய்வீங்க, பாட்டி?" என்று கேட்பதற்கு எந்தச் சண்டையும் தடையாக இருக்க வேண்டியதில்லை.

ஒருவேளை கேலி செய்த அந்த நண்பன் நீங்கள்தானா? பரவாயில்லை. அடுத்த தடவை "நீ யாரு?" என்று கேட்காமல், "இது என்ன சாப்பாடு? எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நண்பனும் கிடைப்பான், ஒரு வாய் ருசியும் கிடைக்கும்!

இந்த வாரம் பாட்டியிடம் கேளுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பக்கம், அப்பா பக்கம் என இரண்டு பக்கப் பெரியவர்களிடமும் இதைக் கேட்டு எழுதுங்கள்.

1. சின்ன வயதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பலகாரம் எது?

2. அதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவர் எந்த ஊர்?

3. இப்போது யாரும் செய்யாத பழைய சாப்பாடு ஏதாவது உண்டா?

4. பஞ்சம் வந்தபோது என்ன சாப்பிட்டார்கள்?

5. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எந்தச் சாப்பாடு புதிதாக இருந்தது?

அளவையும் மறக்காமல் கேளுங்கள். "ஒரு கைப்பிடி" என்று பாட்டி சொன்னால், அது உங்கள் கைப்பிடியா, பாட்டி கைப்பிடியா என்று பார்த்து எழுதுங்கள்!

செய்து பாருங்கள்: கப்பையும் காந்தாரி சம்மந்தியும்

(கத்தி, அடுப்பு வேலைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.)

மரவள்ளிக் கிழங்கின் மேல் தோலையும், அதன் கீழே இருக்கும் தடித்த தோலையும் நீக்கி, துண்டு போட்டு நன்றாகக் கழுவுங்கள். நிறையத் தண்ணீரில் உப்புப் போட்டு, மெத்தென்று ஆகும் வரை வேக விடுங்கள். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தக் கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது!

சம்மந்திக்கு அடுப்பே வேண்டாம். நாலைந்து சின்ன வெங்காயம், ஒன்றிரண்டு காந்தாரி மிளகாய், கொஞ்சம் உப்பு. மூன்றையும் அம்மியிலோ சின்ன உரலிலோ தட்டி, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழையுங்கள். காந்தாரி மிளகாய் பார்க்கத்தான் சிறிசு, காரம் பெரிசு. காந்தாரி கிடைக்காவிட்டால் பச்சை மிளகாய் போதும். தட்டின கையோடு கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்!

சூடான கிழங்கைச் சம்மந்தியில் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். தனியாக இல்லை, பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு!

விளையாட்டு முடிந்தது குட்டீஸ். இனி நீங்கள் மறுபடியும் நீங்களே. முதல் வேலையாகப் போய்ப் பாட்டிக்கு ஒரு போன் போடுங்கள். என்ன, நம்பர் ஞாபகம் இருக்கிறதுதானே?